ஜோவிட்டா முன்கூட்டிச் சொன்னது

சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் ஜோவிட்டாவைத் தெரியாதவர்கள் குறைவு. கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்துப்போன பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், தம்பி லாய்டோடும் அவன் மனைவி ஆலிஸோடும் இருந்தாள். வயது ஐம்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போய் மூன்று வருடத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது லாய்டுக்குப் பதினைந்து வயது. அவனைப் படிக்கவைத்து, வேலைக்குச் சொல்லிவைத்து, பாலர் பள்ளி ஆசிரியை ஆலிஸைப் பெண் கேட்டுக் கட்டிவைத்து முடிப்பதற்குள் தன்னைப் பற்றி யோசிக்கிற வயது தாண்டிவிட்டது. அதைச் சொல்லி அவள் குறைப்பட்டுக்கொண்டு யாரும் கேட்டதில்லை.

அடையாறில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்த்தாள். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கிற இடம் அல்ல அது. ஆபரேஷனில் வெட்டியெடுத்த சதையை மெழுகுக்கட்டியில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, நிறமேற்றிக் கொடுப்பது அவள் வேலை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது புற்றுநோய், இது இல்லை என்று கையெழுத்துப் போடுவது டாக்டர் சந்திரமௌலி. ஆனால் இத்தனை வருடம் ஸ்லைடு போட்ட கண்ணுக்குப் பாதி விஷயம் அவர் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தெரிந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ரிப்போர்ட் உங்க லேபுக்குத்தான் வந்திருக்காம்" என்பார்கள். "டாக்டர் சொல்லுவாருங்க" என்பாள், அவ்வளவுதான். தெருமுனையில் மீன் விற்கும் வேலம்மாவின் மகளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தபோதும் அப்படித்தான். அது சாதாரணக் கட்டி என்று ஸ்லைடு காய்வதற்குள் ஜோவிட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்ததும் வேலம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"ரெண்டு நாளா கண்ணு மூடல தாயி. ஒண்ணியும் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூட்ட?"

"ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லி, அப்புறம் இருக்குன்னு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் ஜோவிட்டா.

தம்பி விஷயத்தில் இந்தக் கட்டுப்பாட்டை மீறினாள். ஒரே ஒரு தடவை.

லாய்டு தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருந்தான். மூன்றாவது மாடி. தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். புடவை காட்டுகிறவர்கள் அதன்மேல் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். பதினெட்டு வருடம் நின்றான். ஆள் நல்ல உயரம். பேச்சு அதைவிட நீளம். "இந்த கலர உங்க நாத்தனார் பாத்தா ரெண்டு நாள் சாப்பிடமாட்டாங்கம்மா" என்று ஏதாவது சொல்லி, வாங்க வராதவர்களையும் வாங்க வைத்துவிடுவான்.

2022-ஆம் வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தவன் காலைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, இத பாரேன். குதிகால்ல கறுப்பா என்னமோ."

ஜோவிட்டா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு.

"காலாணிடா. நாள் பூரா நிக்கிற இல்ல? மெடிக்கல்ல கார்ன் கேப் கேளு, ஒட்டு."

ஒட்டினான். ஒரு வாரம் ஒட்டி, விட்டு, திரும்ப ஒட்டி, அப்படியே பல மாதம் போயிற்று. கறுப்பு மறையவில்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காததால் யாரும் கவலைப்படவில்லை.

மறு வருடம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், கூட வேலை பார்க்கும் நூர் முஹம்மதுதான் முதலில் கவனித்தார். வெள்ளை விரிப்பில் லாய்டு நடந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ரத்தம். குதிகாலைத் திருப்பிப் பார்த்தால் மிளகு அளவாக இருந்தது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்து, ஓரம் கலைந்து, நடுவில் புண்ணாகியிருந்தது.

அன்று சாயங்காலம் ஜோவிட்டா அந்தக் காலை மடியில் வைத்துப் பார்த்தாள். இதே மாதிரி கால்களிலிருந்து வந்த சதையை அவள் எத்தனையோ முறை சீவியிருக்கிறாள். வெள்ளைக்காரர்களுக்கு வெயில் படும் தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய், நம்மவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் வரும் என்பது அவள் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் அன்று கீரைக்கட்டை கீழே வைத்துவிட்டு நாலடி நடக்கவில்லை.

"காலாணி இல்லையாக்கா?" என்று கேட்டான் லாய்டு.

"டாக்டர் சொல்லுவாருடா" என்றாள்.

சொன்னார். குதிகாலில் பெரிதாக வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இடுப்புக்குக் கீழே நெறி கட்டும் இடத்திலும் திறந்து பார்த்ததில் இரண்டு முடிச்சுகளில் நோய் இருந்தது. நான்கு மாதம் படுக்கையும் ஊன்றுகோலுமாகப் போயிற்று. பிறகு கடைக்காரர்கள் அவனை பில் போடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அங்கே பேசுவதற்கு ஆள் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் வாங்கி முடித்தவர்கள். "இங்க போர் அடிக்குதுக்கா. மறுபடி மெத்தைமேல நிக்கணும்" என்று வீட்டுக்கு வந்ததும் சொல்வான்.

ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாதம் இருமல் வந்தது. ஸ்கேனில் நுரையீரலில் ஐந்தாறு இடத்தில் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. ஈரலிலும் இரண்டு.

புற்றுநோய் டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். ஒரு சோதனை பாக்கியிருக்கிறது என்றார். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. 'வளர்' என்று வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே அனுப்புவது அவற்றின் வேலை. சாதாரண மச்சத்திலும் அந்தச் செய்தி கொஞ்ச நாள் ஓடும், பிறகு நின்றுவிடும். அதனால்தான் மச்சம் ஆயுசுக்கும் மச்சமாகவே இருந்துவிடுகிறது. இந்த மாதிரிப் புற்றுநோய் சிலவற்றில் 'கிட்' என்ற ஏற்பி கெட்டுப்போய், யாரும் செய்தி அனுப்பாமலே இரவும் பகலும் வளர் வளர் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அதன் வாயை அடைக்க மாத்திரை இருக்கிறது. பழைய மருந்துதான், எங்கேயும் கிடைக்கும்.

"எத்தன பேருக்கு அப்படி இருக்கும் டாக்டர்?" என்று ஆலிஸ் கேட்டாள்.

"நூத்துல பத்து, பதினஞ்சு பேருக்கு. எதிர்பார்ப்பு வெச்சுக்காதீங்க. பாத்துடுவோம்."

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து மெழுகுக்கட்டியை வாங்கிவரச் சொன்னார்கள். நோயாளியின் வீட்டார்தான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பழுப்பு உறைக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கட்டி. தம்பியின் குதிகால். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜோவிட்டா நேராகத் தன் பரிசோதனைக்கூடத்துக்கே போனாள்.

"பக்கத்து மேஜை அன்புச்செல்வி பண்ணட்டுமே. நீங்க எதுக்கு இத தொடறேள்?" என்றார் சந்திரமௌலி.

"நானே பண்றேன் சார்."

அவர் தடுக்கவில்லை. மைலாப்பூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். "சரி. ஆனா நிறத்த மட்டும் பாத்துண்டு எதையும் முடிவு பண்ணிடாதீங்கோ. ஜீன் சோதனையும் அனுப்பியாகணும்" என்றார்.

அவ்வளவு கவனமாக அவள் எந்த ஸ்லைடும் போட்டதில்லை. கிட் ஏற்பி இருக்கும் இடத்தைக் காட்ட வழக்கமாக ஏற்றுகிற நிறம் பழுப்பு. இந்த மாதிரிப் புற்றிலோ செல்லுக்குள்ளேயே பழுப்புச் சாயம் இருக்கும், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சிவப்பு நிறம் தரும் மருந்தை எடுத்தாள். சீவிய ஏட்டை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் அள்ளினாள். காயவைத்து, பிரஷர் குக்கரில் வைத்து எடுத்து, மருந்து விட்டு, நேரம் பார்த்துக் கழுவினாள். நிறம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வைக்கும் ஸ்லைடை முதலில் பார்த்தாள். சரியாக வந்திருந்தது.

பிறகு தம்பியுடையதை வைத்தாள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் சிவப்பு. மங்கலாகக்கூட இல்லை, யாரோ பேனாவால் வளையம் போட்ட மாதிரி அழுத்தமான சிவப்பு. ஸ்லைடை நகர்த்த நகர்த்த அதே.

மாடிப்படிக்கு வந்து போன் போட்டாள்.

"லாய்டு, கிட் இருக்குடா."

"இருந்தா நல்லதா கெட்டதா? அதச் சொல்லு மொதல்ல."

"நல்லதுடா. மாத்திரை இருக்கு."

"ஊசி வேணாமா? ட்ரிப்பு, முடி கொட்டறது, அதெல்லாம்?"

"வேணாம். தினம் மாத்திரைதான்."

"ஆலிஸ்!" என்று அவன் கத்தியது போனில் கேட்டது. "ஆலிஸ், இங்க வாயேன்!"

ஜீன் சோதனைக்கு அதே கட்டியிலிருந்து சீவல்கள் வேறொரு ஊர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயின. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஜோவிட்டா அதையும் வீட்டில் சொன்னாள். "இன்னொரு டெஸ்ட் வரணும்டா, அதுக்கப்புறம்தான் ஆரம்பிப்பாங்க" என்றாள். சொன்ன விதத்தில் அது ஏதோ கையெழுத்து வாங்குகிற வேலை மாதிரி ஆகிவிட்டது. அவளே அப்படித்தான் நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள் என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

அந்த மூன்று வாரத்தில் லாய்டு மாறிப்போனான். இருமல் அப்படியேதான் இருந்தது. ஆனால் சவரம் செய்துகொண்டான். கடைக்குப் போன் போட்டு, தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுவேன், பட்டுப் பிரிவில் என் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றான். மேனேஜரும் ஒத்துக்கொண்டார். நூர் முஹம்மது மூன்றாவது மாடி முழுக்கச் சொல்லிவிட்டார். ஆலிஸ் பாண்டி பஜாருக்குப் போய், ஒட்டுத்தோல் உறுத்தாத மாதிரி மெத்தென்ற செருப்பு வாங்கிவந்தாள். வெகு நாளாகத் தள்ளிப்போட்ட வேளாங்கண்ணிப் பயணத்துக்கு இரண்டு பேரும் தேதி பார்த்தார்கள். ஒரு சாயங்காலம் கோயில் பாட்டுக் குழுவினர் வீட்டுக்கு வந்து பாட, லாய்டும் இருமி இருமிக் கூடப் பாடினான். ஜோவிட்டா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

பத்தொன்பதாவது நாள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ரிப்போர்ட் பரிசோதனைக்கூடத்தின் கம்ப்யூட்டருக்கு வந்தது. நான்கு பக்கம். ஜோவிட்டா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். கிட் ஜீனில் மாற்றம் எதுவும் இல்லை.

பிரின்ட் எடுத்துக்கொண்டு சந்திரமௌலியின் அறைக்குப் போனாள்.

"அவ்ளோ செவப்பா வந்துதே சார்."

"வந்தது நிஜம்தான். நீங்க பண்ணதுல ஒரு தப்பும் இல்ல." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "ஏற்பி நெறைய இருக்கு, ஆனா கெட்டுப்போகல. அந்த மாத்திரை கெட்டுப்போனதத்தான் பிடிக்கும். இங்க வளரச் சொல்றது வேற ஏதோ. அது என்னன்னு நமக்குத் தெரியல. தெரிஞ்சாலும் மருந்து இருக்கான்னு..." முடிக்கவில்லை. "வீட்ல சொல்லிட்டேளா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஸ்லைடை எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். வீட்டுக்குள் நுழையும்போது ஆலிஸ் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள். லாய்டு கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததுமே டிவியை நிறுத்தினான்.

"இல்லடா" என்றாள் ஜோவிட்டா. "அந்த மாத்திரை வேலை செய்யாதாம்."

"கிட் இருக்குன்னு சொன்னியேக்கா."

"இருக்கு. ஆனா நல்லா இருக்கு. அது கெட்டிருந்தாத்தான் மாத்திரை."

லாய்டு சிரித்துவிட்டான். "என் உடம்புல நல்லா இருக்கறது அது ஒண்ணுதானா?" என்றான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. பிறகு, "சும்மா சாப்பிட்டுப் பாக்கலாமே? கடைல கெடைக்குதுன்னு சொன்னாங்களே" என்று கேட்டான். மறுநாள் டாக்டரிடம் கேட்டதற்கு, முகமும் காலும் வீங்கும், வாந்தி வரும், பலன் இருக்காது என்றார். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் ரிப்போர்ட் வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்த ஆலிஸ் சமையலறை வாசலிலேயே நின்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் ஜோவிட்டாவை எதிர்த்து அவள் பேசியதே கிடையாது.

"ஏன்க்கா சொன்னீங்க? ஊருக்கெல்லாம் டாக்டர் சொல்லுவாருன்னு சொல்றவங்க, எங்களுக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?"

"சந்தோஷத்துல சொல்லிட்டேன் ஆலிஸ்."

"நான் மனச தேத்திக்கினு இருந்தேன்க்கா. ஸ்கேன் வந்த அன்னைக்கே, இனிமே இப்படித்தான்னு தேத்திக்கினேன். இப்ப மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். என்னால முடியாது."

மீன் தட்டில் ஆறிப்போயிற்று. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

கடைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. லாய்டு போனை எடுக்கவே மறுத்தான். சனிக்கிழமை ஜோவிட்டாவே போனாள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போய், மூன்றாவது மாடி ஏறினாள். நூர் முஹம்மது ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓரமாக வந்தார்.

"வாங்கக்கா. லாய்டு எப்ப வரான்? அவன் எடத்துல ஒருத்தனயும் நிக்க வுடல நானு."

"வரமாட்டான் பாய். அந்த மாத்திரை அவனுக்கு ஆகாதுன்னு வந்துடுச்சு."

"இன்னாக்கா சொல்றீங்க? நீங்களே கண்ணால பாத்தீங்கன்னு சொன்னானே."

"பாத்தேன். பாத்தது பத்தல."

நூர் முஹம்மது கையிலிருந்த புடவையை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். அவருடைய வெறுங்கால்கள் வெள்ளை விரிப்பில் இருந்தன. ஜோவிட்டா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், கால காட்டுங்க."

"அய்ய, இன்னாக்கா இது, எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"காட்டுங்க பாய்."

காட்டினார். இரண்டு காலாணி, பித்தவெடிப்பு. விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தப் பிரிவில் அன்று ஒன்பது பேர் இருந்தார்கள். கூச்சத்தோடு ஒருவர் பின் ஒருவராக வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்கள். கல்யாண வீட்டார் புடவையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சூப்பர்வைசர் வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு திரும்பிப் போய்விட்டார். நின்று வேலை பார்ப்பதால்தான் இது வருகிறது என்று யாரும் நிச்சயமாகச் சொன்னதில்லை என்பது ஜோவிட்டாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்பது பேரையும் பார்த்து முடித்தாள். எல்லாம் காலாணிகள்தான். நிஜமான காலாணிகள்.

அதற்கப்புறம் சொல்வதற்கு அதிகம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று நான்கு முறை போட்டார்கள். எந்த ட்ரிப்பு வேண்டாம் என்று லாய்டு பயந்தானோ அதில்தான் படுத்துக் கிடந்தான். நான்காவதுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் ஈரலில் இரண்டாக இருந்தது எண்ண முடியாத அளவுக்கு ஆகியிருந்தது. டாக்டர் நிறுத்திவிட்டார். வேளாங்கண்ணிக்குப் போகும் தெம்பு எப்போதோ போயிருந்தது. மூன்று வாரம் காத்திருந்த நேரத்தில் போயிருந்தால் போய்வந்திருக்கலாம். குணமானதும் போகலாம் என்று அவர்கள்தான் தேதியைத் தள்ளிப் பார்த்திருந்தார்கள்.

கடைசி நாட்களில் அக்காவிடம் அவன் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவுமில்லை. அவ்வளவு பேசுகிறவன், தண்ணீர், ஜன்னல், போர்வை என்று ஒற்றைச் சொற்களோடு நிறுத்திக்கொண்டான். அவள் கட்டிலருகே உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அவள் எழுந்து போனதும் ஆலிஸிடம் மெதுவாகப் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். 2025 பிப்ரவரியில், சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னால், காலை ஏழு மணிக்கு இறந்தான். நாற்பத்தைந்து வயது. கடையிலிருந்து இருபது பேர் வந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் நூர் முஹம்மதுவும் ஒருவர்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஆலிஸ் கொட்டிவாக்கத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளி அங்கிருந்து கிட்டே என்று காரணம் சொன்னாள். ஜோவிட்டா ஒரே ஒரு முறை அவளைப் பார்க்கப் போனாள். ஆலிஸ் உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டாள். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"மன்னிச்சுடு ஆலிஸ்" என்றாள் ஜோவிட்டா.

"நீங்க பொய் சொல்லலக்கா" என்றாள் ஆலிஸ். "சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். இது எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கொஞ்ச நாள் வராதீங்க."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று ஜோவிட்டா கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து பஸ் ஏறினாள். ஒன்றரை வருடமாகிறது. ஆலிஸ் கூப்பிடவில்லை, ஜோவிட்டா போகவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் இரண்டு பக்கமும் போனில் ஒரு வாழ்த்து போய்வந்தது.

அடையாறு பரிசோதனைக்கூடத்தில் அவள் இன்னும் வேலை பார்க்கிறாள். கிட் சோதனை வந்தால் அன்புச்செல்வி வாங்கிக்கொள்கிறாள், யாரும் சொல்லாமலே அப்படி ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. கோயிலில் அவள் கையைப் பிடித்து ரிப்போர்ட் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் யாருக்காகவும் நிற்பதில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, இரண்டு மாடி ஏறி, வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுகிறாள்.